உலர்குளத்தில் ஓர் ஒட்டகச்சிவிங்கி

காலை ஏழு மணி. நீலாம்பரிக் கப்பலின் நீச்சல்குளத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் நூற்று இருபது பேர் நனைந்துகொண்டிருந்தார்கள்.

சனிக் கோளின் வளையங்களைச் சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பும் ஒன்பது மாதப் பயணம் அது. குடிக்கும் நீரையே அளந்து தரும் கப்பலில் குளத்தை யார் நிரப்புவது? ஆகவே நீலக் கல் பதித்த பள்ளத்தில் மெத்தென்ற ரப்பர் தரை போட்டிருந்தார்கள். பயணிகளின் காதுக்குப் பின்னால் 'நனைப்பான்' என்ற உட்பொறி. படுத்துக் கண்ணை மூடினால் உடம்பு சிலிர்க்கும், விரல் நுனி ஊறும், காதில் நீர் புகுந்த அடைப்புக்கூட வரும். ஒரே சங்கடம், நனைப்பான் ஓடும்போது கைகால் அசையாது. எல்லோரும் கட்டைபோல் கிடப்பார்கள். உயிரோடுதான் கிடக்கிறார்களா என்று பார்க்கக் காவலன் என்ற இயந்திரம் அரைமணிக்கு ஒருமுறை வரிசையாக வரும். குழாய் போன்ற மூக்கை ஒவ்வொருவர் பக்கமும் நீட்டி, அவர் விட்ட மூச்சை முகர்ந்து, "ஆள் இருக்கிறார்" என்று சொல்லி நகரும்.

பூரணி மட்டும் இறங்கவில்லை. இரண்டு மாதமாக அவள் குளத்தின் விளிம்பிலேயே உட்கார்ந்திருந்தாள். மடியில் காற்றடைத்த ஒட்டகச்சிவிங்கி மிதவை ஒன்று. அதன் வாலுக்கடியில் இருந்த அடைப்பானின் மேல் அவளது கட்டைவிரல் எப்போதும் அழுந்தியிருக்கும். அப்படியும் காற்று கசிந்தது. புறப்பட்ட அன்று நிமிர்ந்து நின்ற கழுத்து இப்போது லேசாகச் சாய ஆரம்பித்திருந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அந்தச் சாய்வைப் பார்ப்பாள். எழுவாள், நடப்பாள், திரும்ப உட்காருவாள்.

அதற்குள் இருந்தது அவள் கணவர் சபாபதியின் மூச்சு.

பயண அறிவிப்பில் நீச்சல்குளம் என்று கண்டதும் சபாபதி கடைக்கு ஓடி அதை வாங்கி வந்தார். அறுபத்துமூன்று வயது மனிதருக்கு ஒட்டகச்சிவிங்கி! காற்றுப் பம்பு பெட்டியில் இல்லை. கூடத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்து வாயாலேயே ஊதினார். நடுவில் நான்கு தடவை நிறுத்தி மூச்சு வாங்கினார்.

"அவ்வளவுதானா உங்க பலம்? கழுத்து தொங்குது பாருங்க. இன்னும் ஊதுங்க" என்று பூரணி சிரித்தாள்.

ஊதினார். கழுத்து நிமிர்ந்தது. "கப்பல்ல இது மேல நான் படுத்திருப்பேன். நீ கரையில நின்னு வேடிக்க பாரு" என்றார். மறுநாள் பகலில், முடிவெட்டிக்கொள்ளப் போன இடத்தில், நாற்காலியிலேயே இதயம் நின்றுவிட்டது. ஊதியதற்கும் அதற்கும் தொடர்பில்லை என்று மருத்துவர் மூன்று முறை சொன்னார். மூன்று முறையும் பூரணி தலையாட்டினாள். ஒருமுறையும் நம்பவில்லை.

காற்று தீருவதற்குள் அவரை அந்தக் குளத்தில் ஒருமுறை படுக்கவைத்துவிட வேண்டும். அதற்காகத்தான் கிளம்பி வந்தாள். ஆனால் குளத்துச் சுவரில் 'மிதவைகளுக்கு அனுமதி இல்லை' என்று எழுதியிருந்தது. கடலில் கப்பல்கள் ஓடிய காலத்து விதி அது. மிதவை மறைத்தால் மூழ்குகிறவர் காவலரின் கண்ணில் படமாட்டார் என்று யாரோ போட்டது. தண்ணீர் போய்விட்டது. விதி மட்டும் மிதந்துகொண்டிருந்தது.

"தண்ணியே இல்ல. இதுல யாருப்பா முங்கப் போறா?" என்று காவலனிடம் கேட்டாள்.

"மூழ்குபவர் என் கண்ணில் பட வேண்டும், அம்மா."

கப்பல் தலைவருக்கு ஏழு மனு எழுதினாள். ஏழாவது மனுவில் பக்கத்து அறை ருக்மணி கையெழுத்துப் போட்டு, மற்றவர்களிடமும் வாங்கித் தந்தாள். திருப்பூர்க்காரி, வாயும் கையும் சும்மா இருக்காது. "நீங்க சும்மா இருங்கக்கா. நான் பேசறேன் அந்தாளுகிட்ட" என்று போனவள், விதியை நீக்கவைத்துவிட்டுத்தான் வந்தாள்.

மறுநாளே பூரணி மிதவையைக் குளத்தின் நடுவில் வைத்து, அடைப்பான் மேல் விரலோடு, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். ஒரு நாள் அமைதியாகப் போனது.

இரண்டாம் நாள் ஓர் அன்னம் வந்தது. மூன்றாம் நாள் முதலை, அன்னாசிப்பழம், ஆட்டோரிக்‌ஷா. கப்பலின் வார்ப்புப்பொறி கேட்டதையெல்லாம் வார்த்துக் கொடுத்தது, சுவர்க்குழாய் காற்றடைத்தது. ஒரே வாரத்தில் குளம் நிரம்பிவிட்டது. மிதவைகளால்தான், மனிதர்கள் இல்லை. விடிந்ததும் ஓடிவந்து மிதவையைப் போட்டு இடம் பிடித்துவிட்டு, இட்லி, சீட்டாட்டம் என்று போய்விடுவார்கள். நிஜமாக நனைய வந்தவர்கள் துண்டோடு சுற்றிச்சுற்றி வந்தார்கள். சண்டை முற்றியது. புது விதி வந்தது: காவலன் முகரும்போது ஆள் இல்லாத மிதவையின் காற்று திறந்துவிடப்படும்.

அதன்பின் பூரணி சாப்பாட்டுக்குக்கூட எழுவதில்லை. ருக்மணி கொண்டுவந்து கொடுப்பதை அங்கேயே விழுங்குவாள். கழிப்பறைக்குப் போனால் ஓடிப் போய் ஓடி வருவாள்.

ஒருநாள் அப்படி ஓடியபோது கழிப்பறையின் தானியங்கிக் கதவு சிக்கிக்கொண்டது. தட்டினாள், கத்தினாள். பழுதுபார்ப்பவர் வந்து திறக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. குளத்தை நெருங்கும்போதே 'உஸ்ஸ்' என்ற சத்தம் கேட்டுவிட்டது. அன்னம் சுருங்கிக் கிடந்தது. முதலை வாய் பிளந்து தட்டையாகியிருந்தது. காவலன் ஒட்டகச்சிவிங்கியின் அருகில் குனிந்துகொண்டிருந்தது.

"வேணாம்! தொடாத!"

குழாய் மூக்கு வாலுக்கடியில் போய் நின்றது. விரல் அழுத்தாத அடைப்பானிலிருந்து காற்று மெல்லக் கசிந்துகொண்டிருந்தது. காவலன் வழக்கத்தைவிடச் சற்று அதிக நேரம் முகர்ந்தது.

"ஆள் இருக்கிறார்" என்று சொல்லி, அடுத்த மிதவைக்கு நகர்ந்தது.

பூரணி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அந்தக் குரல் அதைச் சொன்ன விதத்தில் எந்தத் தயக்கமும் இல்லை.

சுருங்கிய அன்னாசிப்பழத்தைத் தூக்கிக்கொண்டு ருக்மணி வந்தாள். "ஏனுங்க்கா, எங்க எல்லாருத்தையும் புடுங்கி உட்டுட்டு, உங்கள மட்டும் உட்டுட்டுப் போகுது. இதென்ன நாயமுங்க?"

"அது குழாய்க் காத்து இல்லம்மா. எங்க வீட்டுக்காரர் வாயால ஊதினது."

ருக்மணியின் கண் கலங்கியது. உண்மையாகவே கலங்கியது. பிறகு, கையிலிருந்த அன்னாசிப்பழத்தைப் பார்த்து அவள் யோசிக்க ஆரம்பித்தாள். அதைப் பூரணி கவனிக்கவில்லை.

மறுநாள் காலை குளத்தைச் சுற்றிலும் ஒரே புஸ்புஸ் சத்தம். சனி வளையம் பார்க்க வந்த பயணிகள் கன்னம் உப்பி, கண் பிதுங்கி, வாயால் மிதவை ஊதிக்கொண்டிருந்தார்கள். இருவர் மயங்கி விழுந்து மருத்துவ அறைக்குப் போயிருந்தார்கள். ருக்மணியின் கணவர் நாச்சிமுத்து தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார். முகம் செங்கல் நிறம். நெற்றியில் வியர்வை. நடுவில் நிறுத்தி மார்பைத் தடவிக்கொண்டார்.

"போதுங்கறீங்களா? அன்னாசிக்குக் கொண்டை தொங்குது பாருங்க. இன்னும் ஊதுங்க" என்று ருக்மணி சிரித்தாள்.

பூரணி சட்டென்று எழுந்தாள். கிடந்த மிதவைகளில் தடுக்கி, தாண்டிப் போய், நாச்சிமுத்துவின் வாயிலிருந்து மிதவையைப் பிடுங்கினாள்.

"போதும். ஊத வேணாம்யா. ருக்மணி, அவர விடும்மா. இடம்தானே வேணும்? எங்க இடத்த எடுத்துக்க."

"ஐயோ, உங்க இடமாக்கா? வேண்டாமுங்க. மாமாவுக்குன்னு வெச்சிருக்கறது..."

"அவர் படுத்தது போதும்."

அவள் மிதவையைத் தூக்கப் போனபோது காவலன் குறுக்கே வந்தது. "அம்மா, அங்கே ஆள் இருக்கிறார். அவரை எழுப்ப உங்களுக்கு உரிமை இல்லை."

"தெரியும்ப்பா. எங்க வீட்டுக்காரர்தான். நான் கூட்டிட்டுப் போறேன்."

காவலன் யோசித்தது. "சரி. ஒருவர் வெளியேறுகிறார்" என்று பதிந்துகொண்டு வழிவிட்டது.

ஒட்டகச்சிவிங்கியைத் தோளில் சாய்த்துக்கொண்டு பூரணி படியேறினாள். அதன் கழுத்து அவள் முதுகில் சரிந்து தொங்கியது. நிமிர்த்திவிடவில்லை. அடைப்பானின் மேல் விரலையும் வைக்கவில்லை. காதுக்குப் பக்கத்தில் காற்று மிக மெதுவாகப் போய்க்கொண்டிருப்பது கேட்டது.

மேல்படியில் நின்று ஒருமுறை திரும்பினாள். அவள் விட்டுக்கொடுத்த இடத்தில் பாதி ஊதிய அன்னாசிப்பழம் கிடந்தது. அதன்மேல் ஒரு துண்டு விரித்திருந்தது. நாச்சிமுத்துவும் ருக்மணியும் கைகோத்தபடி இட்லி சாப்பிடப் போய்க்கொண்டிருந்தார்கள்.

காவலன் குனிந்து, அன்னாசிப்பழத்தை முகர்ந்தது.

"ஆள் இருக்கிறார்."