துணையாளர் கை

படத்தின் கீழ் மூலையில், சாம்பல் நிறச் சிற்றெழுத்தில், இருக்கக் கூடாத ஒரு வரி இருந்தது: 'துணையாளர் கை நீக்கப்பட்டது.'

லாரி ஓட்டுநர் தனியாகத்தான் வந்திருந்தார். இருமிக்கொண்டே எக்ஸ்ரே அறைக்குள் போனார். படம் பதியும் தகட்டில் மார்பை ஒட்டி நின்றார். படம் எடுத்து முடித்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். கண்ணாடிக்கு இந்தப்புறம் நின்று படம் எடுத்த அவளைத் தவிர அங்கே ஈ காக்கை கூட இல்லை.

அந்த வரி குழந்தைகளின் படங்களுக்கு உரியது. திமிறும் பிள்ளைகளைத் தாயோ தகப்பனோ கதிர் தடுக்கும் ஈய உடுப்பு அணிந்து பிடித்துக்கொள்ள, பிடித்த கையும் படத்தில் விழுந்துவிடும். பிஞ்சு விலா எலும்புகளின்மேல் மோதிரத்தோடு படிந்த தாயின் விரல்களை, இந்த வேலைக்கு வந்த நாள்முதல் அவள் பார்த்துவந்திருக்கிறாள். இப்போது செயற்கை நுண்ணறிவு மென்பொருள் ஒன்று அந்தக் கைகளை அடையாளம் கண்டு, துடைத்து, சுத்தமான படத்தை மருத்துவருக்கு அனுப்புகிறது.

அதற்குக் கூடப்பிறந்தவைபோல் வேறு சிலவும் அந்த மையத்துக்கு வந்து சேர்ந்திருந்தன. அறைக்குள்ளிருந்த கேமராவின் வழியே பார்த்து, எப்படி நிற்பது, எப்போது மூச்சைப் பிடிப்பது என்று நோயாளிக்குச் சொல்லும் குரல் ஒன்று. மருத்துவருக்கு அறிக்கையின் முதல் வரைவை எழுதித் தருவது ஒன்று. வரவேற்பில் இருந்த பெண் அவற்றுக்கு வாய்க்காரி, துடைப்பக்கட்டை, குமாஸ்தா என்று பெயர் சூட்டியிருந்தாள். நோயாளிகளைத் தொலைபேசியில் அழைத்து நினைவூட்டும் நான்காவதற்கு மட்டும் அவள் பெயர் வைக்கவில்லை. அது செய்வது அவளுடைய வேலை.

அவை உதவின என்பதை மறுப்பதற்கில்லை. நோயாளிகளைப் பிடித்து நிறுத்திப் படம் எடுப்பவளுக்குத் தோள்வலி குறைந்திருந்தது. இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேர முடிந்தது.

"துடைப்பக்கட்டைக்கு மூளை குழம்பிடுச்சு. தனியா வந்த ஆளுக்கு, கையைத் துடைச்சிட்டேன்னு எழுதியிருக்கு," என்றாள் வரவேற்புப் பெண்ணிடம்.

"விடுங்கக்கா, இல்லாத குப்பையையும் சேர்த்துக் கூட்டுது. என் மாமியார் மட்டும் பார்த்தாங்கன்னா, என்னை அனுப்பிட்டு அதை மருமகளா வச்சுக்குவாங்க."

இருவரும் சிரித்தார்கள்.

சில நாட்களுக்குப் பிறகு, ஓட்டுநரின் எண்ணில் பதில் இல்லை என்று தொலைபேசி உதவியாளர் தெரிவித்தது. அன்று மாலையே அவருடைய மனைவி படத்தை வாங்கிப்போக வந்தாள். அழுது ஓய்ந்த முகம்.

"தூக்கத்துலயே போயிட்டாருங்க. ராத்திரி பூரா 'தோளை விடு, தோளை விடு'ன்னு என்னைத் திட்டிக்கிட்டே கிடந்தாரு. நான் தொடவே இல்லைங்க. நான் அடுத்த ரூம்ல பிள்ளையோட படுத்திருந்தேன்."

அந்த மனைவி போனபின், அவள் துடைக்கப்படுவதற்கு முந்தைய மூலப்படத்தைக் கணினியில் திறந்தாள். ஓட்டுநரின் தோளை ஒட்டிய வலது காறை எலும்பின்மேல் நான்கு விரல்கள் படிந்திருந்தன. மோதிரம் இல்லை. மெலிந்து நீண்ட விரல்கள். ஒவ்வொரு கணுவும் ஊசிமுனைபோல் தெளிவாக இருந்தது. அந்தத் தெளிவுதான் பொருந்தவில்லை. துணையாளர் நோயாளியின் முதுகுப்புறம் நிற்பதால், தகட்டிலிருந்து விலகியிருக்கும் அவர் கை எப்போதும் பெரிதாகவும் மங்கலாகவும்தான் விழும். தகட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் பொருளுக்கே இந்தக் கூர்மை வரும். ஓட்டுநரின் மார்புக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு காகிதம் நுழையவும் இடம் இருக்கவில்லை.

மருத்துவரிடம் காட்டினாள். "வேற யாரோட படமோ இதுல கலந்திருக்கும்மா. கம்பெனிக்காரங்ககிட்ட சொல்றேன்," என்றார், தலை நிமிராமல். அவள் அதை நம்பினாள். நம்பாவிட்டால் மறுநாள் அந்த அறைக்குள் நுழைய முடியாது.

இருந்தாலும் அந்த அறை மாறிப்போயிருந்தது. தரை துடைத்த மருந்துநீரின் நெடிக்கும் சூடேறிய கம்பிகளின் வாசனைக்கும் அடியில், வெகுநாள் பூட்டிக் கிடந்த பெட்டியைத் திறந்தாற்போல் மெல்லிய புழுக்க வாடை ஒன்று தங்கியிருந்தது. ஆளில்லாத நேரத்திலும் தகடு, யாரோ சாய்ந்து எழுந்ததுபோல் மெதுவாக நெட்டி முறிக்கும் ஒலி கேட்டது. அவள் அதைத் துடைக்கும்போது கை அதிக நேரம் படாதபடி பார்த்துக்கொண்டாள்.

மழை கறுத்து நின்ற ஒரு மாலையில் அவளுடைய மகள் வந்தாள். மருத்துவர் கிளம்பிவிட்டார், வரவேற்புப் பெண் குடையைத் தேடிக்கொண்டிருந்தாள். புது வேலையில் சேர்வதற்கு மகளுக்கு மார்புப் படம் வேண்டியிருந்தது.

"வேற இடத்துல எடுத்துக்கலாமே."

"நல்லா இருக்கே! பெத்த அம்மா எக்ஸ்ரே எடுக்கறா, நான் ஊரெல்லாம் சுத்தி வரணுமா? நாளைக்குக் காலையில குடுக்கணும்மா."

என்ன காரணம் சொல்வது? சொன்னால் சிரிப்பாள். அவள் மகளுக்கு மையத்தின் தொளதொளத்த அங்கியைக் கொடுத்தாள். மோவாயை உயர்த்தி, மார்பைத் தகட்டோடு ஒட்டி நிறுத்தினாள். "துணையாளர் வெளியே செல்லலாம்," என்றது கேமராவின் குரல். அவள் உள்ளே இருக்கும்போதெல்லாம் சொல்வதுதான். வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

மூச்சை இழுங்கள். பிடித்துக்கொள்ளுங்கள்.

படம் வந்தது. சுத்தமான நுரையீரல், ஒழுங்கான விலா எலும்புகள். கீழ் மூலையில் சாம்பல் நிற வரி.

துணையாளர் கை நீக்கப்பட்டது.

மூலப்படத்தைத் திறக்க அவள் விரல் எழவில்லை. ராத்திரி பூரா என்று அந்த மனைவி சொன்னது மட்டும் காதில் இருந்தது. இன்றைய இரவு இன்னும் தொடங்கவில்லை. மகளின் தோளில் ஒரு கை இருந்தே தீர வேண்டுமென்றால் அது தன் கையாக இருக்கட்டும். அங்கே வேறொன்றுக்கு இடமில்லாமல் போகட்டும். துடைக்கும் மென்பொருளை அணைத்தாள். ஈய உடுப்பைப் பூட்டினாள். படுக்கை நோயாளிகளை அருகில் நின்றே படமெடுக்க வைத்திருந்த ரிமோட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"இன்னொரு தடவையா? இத்தனை வருஷம் இங்க என்னதான் பண்ணே நீ?"

"நீ அசைஞ்சிட்டே. நான் பிடிச்சுக்கறேன்."

"நான் என்ன கைக்குழந்தையா?"

"எனக்குக் குழந்தைதான். பேசாம நில்லு."

ஒதுங்கி நின்று, இடது கையை நீட்டி, மகளின் இடது தோளை அழுத்திப் பிடித்தாள். அங்கியின் கீழே எலும்பு இளஞ்சூடாக இருந்தது. வலது கை ரிமோட்டின் பொத்தானை அழுத்தியது.

"அப்படியே நில்லு. படம் சரியா வந்திருக்கான்னு பார்த்துட்டு வந்துடறேன்."

வெளியே வந்தாள். கதவைச் சாத்தினாள். திரையில் படம் மேலிருந்து கீழாக இறங்கி வந்தது. இடது தோளில் அவளுடைய கை: பெரிதாக, மங்கலாக, மோதிரத்தின் வெள்ளை வளையத்தோடு. வலது தோளில் இன்னொரு கை. ஒரு தாய் தன் பிள்ளையை இரு தோளும் பற்றி நிற்கும், எத்தனையோ முறை பார்த்த படம். அவளுக்கு மூச்சு வந்தது.

பிறகு, வலது தோளின் விரல்களைப் பார்த்தாள்.

மங்கல் இல்லை. மெலிந்தவை. நீண்டவை. ஒவ்வொரு கணுவும் கூர்மை.

அவளுடைய வலது கை அங்கே இருக்கவில்லை. வலது கையில் ரிமோட் இருந்தது. இப்போதும் இருக்கிறது.

அறைக்குள் அந்தக் குரல், வழக்கமான பணிவோடு, சொன்னது:

"துணையாளர் வெளியே செல்லலாம்."

அவள் வெளியேதான் நிற்கிறாள்.

"அதான் எடுத்தாச்சே," என்றாள் மகள், தகட்டைப் பார்த்தபடியே. "கையை எடும்மா."

அவள் கதவின் பிடியைத் திருகினாள். சுற்றவில்லை. மறுபடியும் திருகினாள்.

"வலிக்குது. அம்மா. தோளை விடு."

கண்ணாடிக்கு அப்பால் மகள் தனியாக நின்றாள். இரண்டு தோள்களிலும் அங்கியின் துணி நான்கு நான்கு மடிப்பாகக் குழிந்து, முன்புறமாக, தகட்டுக்கும் மார்புக்கும் நடுவே காகிதமும் நுழையாத அந்த இடத்தை நோக்கி, மெல்ல மெல்ல இறுகிக்கொண்டிருந்தது. மகளின் குதிகால்கள் தரையை விட்டு எழும்பின.