கூப்பிடு தூரம்

தெருவின் கடைசி வீடு அது. அதற்கப்புறம் ஒரு மதில், மதிலுக்கப்புறம் வெறும் பொட்டல். பிற்பகல் மூன்று மணிக்கே வானம் மூடிக்கொண்டு வந்தது. ஒலிக்காரி வாடகை வண்டியிலிருந்து இறங்கி, ஒலிநாடா ஓட்டும் ஸ்பூல் இயந்திரத்தை இரண்டு கைகளாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு படியேறினாள்.

காப்பகத்தில் எல்லோரும் அவளை ஒலிக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். பழைய ஒலிநாடாக்களைத் துடைத்து, கேட்டு, கணினியில் பிரதி எடுப்பது அவள் வேலை. இயந்திரத்துக்கும் அங்கே ஒரு பட்டப்பெயர் உண்டு: மாப்பிள்ளை. எங்கே போனாலும் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும், கொஞ்சம் கோணினாலும் வேலை செய்யாது.

கதவைத் திறந்தது மகள். ஐம்பதைத் தாண்டியவள். தூக்கம் கெட்ட கண்கள்.

"வாங்கம்மா. செருப்போடயே வாங்க, பரவாயில்ல. அப்பா முழிச்சுட்டுதான் இருக்கார்."

ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில் பெரியவர் இருந்தார். பக்கவாதம் வந்து இரண்டு வருடம். வலது கை மடியில் யாரோ வைத்துவிட்டுப் போன பொருளைப் போலக் கிடந்தது. பேச்சு போய்விட்டது. எப்போதாவது தொண்டைக்குள் ஒரு முனகல், அவ்வளவுதான்.

அவர் மெட்டுப் போடுவார், அவர் மனைவி பாட்டு எழுதுவார். இருபத்தாறு பாட்டுகள். நெசவுக்கூடத்திலும் செங்கல் சூளையிலும் கல்யாண வீட்டிலும் இன்றைக்கும் பாடுகிறார்கள். வானொலியில் போடும்போது மட்டும் 'இயற்றியவர் தெரியவில்லை' என்று சொல்லிவிடுவார்கள். அதை மாற்றத்தான் காப்பகம் அவளை அனுப்பியிருந்தது.

"எங்கம்மா பேரு அதுல வரணும்," என்றாள் மகள். "அது வந்தா போதும் எனக்கு."

"கண்டிப்பா வரும்க்கா."

இரும்பு அலமாரியைத் திறந்ததும் வினிகர் வாடை குப்பென்று அடித்தது. நாடா அழுகத் தொடங்கினால் வரும் வாடை. இன்னும் ஒரு வருடம் போயிருந்தால் எல்லாம் பிசினாகியிருக்கும். இருபத்தாறு பாட்டுக்கும் பிரதி எடுக்க மூன்று நாள் ஆனது. நான்காம் நாள் ஒரே ஒரு பெட்டி மிஞ்சியது. மேலே பென்சிலில் எழுதியிருந்தது: 'மூணாவது சரணம் பாக்கி.'

"அது அம்மா கையெழுத்து," என்றாள் மகள். "ரெண்டு சரணம் எழுதி, அப்பாவும் அவங்களும் சேர்ந்து பாடிப் பதிவு பண்ணாங்க. மறுநாள் காலையில குளிக்கப் போனவங்க விழுந்தாங்க. எந்திரிக்கவே இல்ல. முப்பது வருஷமாச்சு. மிச்சத்தை வேற யாராவது எழுதட்டும்னு எத்தனையோ பேர் கேட்டாங்க. அப்பா ஆர்மோனியத்தைத் தூக்கிப் பரண்ல போட்டுட்டார்."

ஒலிக்காரி நாடாவை மாட்டி, ஹெட்போனைக் காதில் வைத்தாள்.

முப்பது வருடத்துக்கு முந்தைய குரலில் பெரியவர் சுருதி சேர்த்தார். பிறகு அந்தப் பெண்குரல். பயிற்சி இல்லாத, வீட்டு வேலைக்கு நடுவே பாடுகிற குரல்.

*கூட நடக்க ஆளிருந்தா கூப்பிடு தூரம்தான்...*

முதல் சரணம். இரண்டாவது சரணம். ஆர்மோனியம் நின்றது. "அடுத்தது?" என்று அவர் கேட்க, அவள் சிரித்து, "நாளைக்கு" என்றாள். அப்புறம் வெற்று நாடாவின் இரைச்சல்.

வெற்று நாடாவையும் கடைசிவரை ஓட விடுவது காப்பக வழக்கம். அவள் கண்ணை மூடிக் காத்திருந்தாள்.

இரைச்சலுக்குள் யாரோ மூச்சு விட்டார்கள்.

தாளில் பென்சில் உரசும் சத்தம் கேட்டது.

"எழுதிக்கோங்க."

ஒலிக்காரி கண்ணைத் திறந்தாள். இயந்திரத்தின் ஒலிமானி முள் அசையாமல் படுத்துக் கிடந்தது. ஒலி இருந்தால் அந்த முள் துள்ள வேண்டும். துள்ளவில்லை. ஆனாலும் காதுக்குள் அந்தக் குரல், வெகு அருகில், நிதானமாகச் சொன்னது:

*முன்னால போனவ வாசல்ல நிக்கிறேன்...*

அவள் கை தானாகவே, பாட்டு விவரம் குறிக்கும் காப்பகப் படிவத்தின் ஓரத்தில் அந்த வரியை எழுதியது. அப்போதுதான் ஹெட்போனுக்கு வெளியே இன்னொரு சத்தம் அவளை எட்டியது. ஒரு காதை விலக்கிப் பார்த்தாள்.

பெரியவர் அந்த வரியை முனகிக்கொண்டிருந்தார்.

சொல் இல்லை, மெட்டு மட்டும். ஆனால் அதே வரிக்கு அளவெடுத்துத் தைத்த மெட்டு. ஹெட்போன் இருந்ததோ அவள் காதில். அதிலிருந்து ஒரு துளி சத்தம்கூட அறைக்குள் போக வழியில்லை.

அவள் மறுபடி ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

*பின்னால வர்றவரே, ஏன் இந்தத் தாமசம்?*

"அப்பா..." மகள் சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். "அப்பா, பாடுறீங்களா?" அழுகையும் சிரிப்புமாக நாற்காலிக்குப் பக்கத்தில் உட்காரப் போனவள், அவர் மடியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். இரண்டு வருடமாகச் செத்துக் கிடந்த வலது கை தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

அவள் மெதுவாகத் திரும்பி இயந்திரத்தைப் பார்த்தாள்.

"அதுல... அம்மா இருக்காங்களா?"

ஒலிக்காரி ஹெட்போனைக் கழற்றி நீட்டினாள். மகள் அதைக் காதில் அழுத்திக்கொண்டு, மூச்சைப் பிடித்துக் கேட்டாள். நேரம் போகப் போக அவள் முகம் வாடியது.

"இரையுது. வெறுமனே இரையுது." ஹெட்போனைக் கழற்றினாள். "எனக்கு ஒண்ணும் கேக்கலையேம்மா."

அதற்குள் பெரியவர் மூன்றாவது வரிக்குப் போய்விட்டிருந்தார். ஒலிக்காரி ஹெட்போனைத் திரும்ப வாங்கினாள்.

*கதவு சாத்தல, காத்தும் அடிக்கல...*

பெரியவரின் மூச்சு இழுத்தது. விரல் நுனிகள் நீலம் பூத்திருந்தன. ஆனால் முகம் மலர்ந்திருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருந்தது வாசலை.

வாசலில் யாரும் இல்லை. வினிகர் வாடை மட்டும் போயே போய்விட்டது. ஈரத் தலைமுடியின் வாசம், அப்போதுதான் குளித்துவிட்டு வந்த ஒருத்தியின் வாசம், அறை முழுக்க நிறைந்திருந்தது.

"நிறுத்துங்க," என்றாள் மகள், ரகசியம் சொல்வதைப் போல. "அவங்க கூட்டிட்டுப் போக வந்திருக்காங்க. நிறுத்துங்கம்மா. இவரும் போயிட்டா எனக்குன்னு யார் இருக்கா?"

ஒலிக்காரியின் விரல் நிறுத்தும் பொத்தான்மேல் போனது.

அங்கேயே நின்றது.

பதினோராயிரம் மணி நேரம் பிறத்தியார் குரல்களைக் காப்பாற்றி வைத்தவள் அவள். அவள் புருஷன் போய் ஆறு வருடம். அவன் குரல் ஒரு நிமிடம்கூட அவளிடம் இல்லை. எப்போது வேண்டுமானாலும் பதிவு செய்துகொள்ளலாம் என்று இருந்துவிட்டாள். போனவர்கள் பேசுவார்கள் என்பதே அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரியும். இன்னும் ஒரு வரி. ஒரே ஒரு வரி கேட்டுவிடலாம்.

ஐந்து எண்ணும் நேரம் இருக்கும். பிறகு வெட்கி, பொத்தானை அழுத்தினாள்.

சக்கரங்கள் நின்றன.

குரல் நிற்கவில்லை.

*கைய மட்டும் குடுங்க, கால் வலிக்காது.*

பெரியவர் வலது கையைத் தூக்கி முன்னால் நீட்டினார். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக வாய் திறந்து, தெளிவாகப் பேசினார்.

"நல்லா வந்திருக்கு."

கை கீழே விழவில்லை. யாரோ பிடித்து இறக்கி வைத்ததைப் போல மெதுவாக மடியில் வந்து அமர்ந்தது. பிறகு அந்த அறையில் இரண்டு பேர் மூச்சுதான் கேட்டது.

மகள் வெகுநேரம் அழவே இல்லை. அவர் காலருகில் உட்கார்ந்தபடி ஒன்றைத்தான் சொன்னாள்.

"என்னை ஒரு தடவை திரும்பிப் பாக்கலையே. இத்தனை வருஷம் நான்தானே பார்த்துக்கிட்டேன்."

ஒலிக்காரி அவள் தோளைத் தொடப் போய், கையை இழுத்துக்கொண்டாள். அந்த ஐந்து எண்ணும் நேரத்தைப் பற்றி அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை.

காப்பகத்தில் அந்தக் கடைசி நாடாவின் பிரதியைப் போட்டுப் பார்த்தாள். 'நாளைக்கு' என்ற சொல்லுக்கு அப்புறம் வெறும் இரைச்சல். இருபத்தேழு பாட்டுக்கும் இயற்றியவர் கட்டத்தில் அந்த அம்மாவின் பெயரை அவளே எழுதினாள். இயக்குநர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார்: "மூணாவது சரணம் எங்கேருந்து கிடைச்சுது?"

"கேட்டு எழுதினது சார்."

பொய் இல்லை. ஆனாலும் வீட்டுக்குப் போய் அன்றிரவு அவள் சாப்பிடவில்லை.

ஒரு மாதம் கழித்து வானொலியில் அந்தப் பெயரை முதல் தடவையாகச் சொன்னார்கள். அதைச் சொல்லலாம் என்று மகளுக்கு ஃபோன் செய்தாள். மணி பதினொன்று, நல்ல வெயில்.

"கேட்டேம்மா, கேட்டேன்," என்றாள் மகள். குரலில் அப்படியொரு தெளிச்சி. "ரொம்ப சந்தோஷம். நீங்க எப்படி இருக்கீங்க? நான் நல்லா தூங்குறேன் இப்பல்லாம். பகல்லகூட தூக்கம் வருது."

"தனியா இருக்கீங்களேன்னுதான்க்கா கவலை. கொஞ்ச நாள் சொந்தக்காரங்க யார் வீட்டுக்காவது..."

"தனியாவா?" மகள் சிரித்தாள். "பரண்லேருந்து ஆர்மோனியத்தைக்கூட இறக்கியாச்சு. நான் இறக்கலம்மா. காலையில எந்திரிச்சுப் பார்த்தா கூடத்துல இருக்கு."

ஒலிக்காரி ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். மறுமுனையில், தூரத்தில், ஆர்மோனியத்தின் துருத்தி காற்று இழுக்கும் சத்தம்.

"அக்கா, நான் சொல்றதைக் கேளுங்க. இப்பவே வீட்டைப் பூட்டிட்டு வெளியில வாங்க. தயவுசெஞ்சு வாங்க."

"இருங்கம்மா, கூப்பிடுறாங்க."

ஃபோனை மேசைமேல் வைக்கும் சத்தம். காலடிகள் விலகிப் போயின. ஒரு ஆண்குரலும் ஒரு பெண்குரலும் எதையோ தணிந்து பேசிக்கொண்டன. ஆர்மோனியம் சுருதி பிடித்தது.

அவள் இதுவரை கேட்டிராத பாட்டு அது. குழந்தையைத் தூங்க வைக்கிற மெட்டு.

இரண்டு பேர் பாடினார்கள். கொஞ்ச நேரத்தில் மூன்று பேர் பாடினார்கள்.