துறைமுக வாசலில் ஒரு மறுமொழி

சோறு வடித்துக்கொண்டிருந்த அதியனுக்கு, நிலவின் பள்ளமொன்றில் கால் சறுக்கிய நினைவு வந்தது. அவன் தூத்துக்குடியைத் தாண்டி அதிகம் போனவனல்லன். சறுக்கியவள் அவன் மனைவி நப்பின்னை. நிலவில் பனிக்கட்டி அகழும் நிலையத்தின் பொறியாளர். காதின் பின்னே மாட்டிய நினைவிணைப்பி, அவளுடைய நினைவகத்தை அவன் மனத்தில் மற்றோர் அறையாகத் திறந்து வைத்திருந்தது, அவனுடையதை அவளுக்கும். அறையின் பொருள்களெல்லாம் நிலவில் இருந்தன, கதவு மட்டும் இங்கே. ஆனால், கைக்கெட்டுவதை யார் தொலைவிலிருப்பதாக எண்ணுவார்கள்?

அன்று அவர்களுடைய மணநாள். துறைமுக வாசலில், கொட்டும் மழையில், தன்னை மணந்துகொள்ளச் சம்மதமா என்று அவன் கேட்டதையும், அவள் சொன்ன மறுமொழியையும் ஆண்டுதோறும் இருவரும் சேர்ந்தே திறந்து பார்ப்பார்கள்.

“பின்னை, திறந்துட்டியா?”

நிலவின் தொலைவு குறுக்கே நின்றது. பிறகு அவள் குரல் வந்தது.

“திறந்தாச்சு. உங்க பக்கம் இருக்குன்னு காட்டுது.”

“இங்க உன் பக்கம்னு காட்டுதே!”

இம்முறை மறுமொழி வரத் தாமதமானது. அதற்கு நிலவு காரணமன்று.

“நீங்க உங்க நகலை அழிச்சிட்டீங்களா?”

“ஒரே நினைவு ரெண்டு இடத்துல இருக்கு, ஒண்ணை நீக்கட்டுமான்னு இணைப்பி கேட்டுச்சு. உன்கிட்டதான் இருக்குல்லா, உன் நிலாவைப் பார்க்க எனக்கு இடம் வேணும்லான்னு சரின்னுட்டேன்.”

“என்கிட்டயும் கேட்டுச்சு. உங்களை நம்பி நானும் சரின்னுட்டேன்.”

“நம்பிக்கைக்கு ஒண்ணும் குறைச்சலில்ல.”

“கிண்டல் வேறயா? போங்க.” அவள் குரல் உடைந்தது.

அந்த மறுமொழி இருந்த இடத்தில், இரண்டு அறைகளிலும் இப்போது மிஞ்சியிருந்தவை, ஒன்றையொன்று சுட்டிய இரண்டு அம்புக்குறிகளே. அதியன் எஞ்சியவற்றைத் துழாவினான். மழை இருந்தது, கம்பி ஒடிந்த குடை இருந்தது, கேட்பதற்கு முன் தொண்டை வறண்டது இருந்தது. அதையடுத்து, இருவரும் நனைந்தபடி விழுந்து விழுந்து சிரித்தார்கள். இடையில் அவள் சொன்னது மட்டும் இல்லை.

“என்ன சொன்னேன்னு தெரியலையே. உங்களுக்குமா ஞாபகமில்ல?”

“உன்கிட்ட இருக்கும்போது நான் எதுக்கு ஞாபகம் வைக்கணும்னு விட்டுட்டேன்.”

பிறகு அவள் மூக்கை உறிஞ்சும் ஒலி கேட்டது.

“அப்ப இன்னொரு தடவை கேளுங்க. முதல்ல அந்த இணைப்பியைக் கழத்துங்க. நானும் கழத்துதேன்.”

அதியன் கழற்றினான். நிலவின் பள்ளம் மறைந்தது. அவளுடைய அறையும் மறைந்தது. மனம் ஒற்றை அறை வீடாகச் சுருங்கியது. பேசுகருவியின் முன் வந்து நின்று, கஞ்சி படிந்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

“பின்னை, என்னைக் கட்டிக்கிடுதியா?”

இத்தனை ஆண்டுகளாக, அவள் வாய் திறக்குமுன்பே அவளுடைய விடையை அவள் அறையிலேயே பெரும்பாலும் பார்த்துவிடுவான். இப்போது அவனுக்கு எதுவும் தெரியவில்லை. சொல் நிலவுக்குப் போய்த் திரும்பும்வரை நின்றே ஆக வேண்டும். தொண்டை வறண்டது.

“யோசிச்சுச் சொல்லுதேன்.”

அவன் திகைத்தான். மறுகணம் வாய்விட்டுச் சிரித்தான். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. சற்றுப் பிந்தி, அங்கிருந்தும் சிரிப்பு வந்து சேர்ந்தது.

அன்றும் இதையேதான் சொல்லியிருப்பாளோ? ஒப்பிட்டுப் பார்க்க, பூமியிலும் நிலவிலும் நகல் இல்லை.