பாங்கா பாறையில் ஆறின டீ

ஹெல்டுர் மரக்குவளையைக் கவிழ்த்தான். உள்ளே இருந்தது கடலில் விழுந்த சத்தம் வரவில்லை. இருபது மீட்டர் கீழே காலையிலிருந்து பாறையை அறைந்துகொண்டிருந்த அலையும் அதோடு அடங்கிப்போனது.

சாரேமா தீவைச் சுற்றிக்காட்டும் பிழைப்பில் அவன் கற்றது ஒன்றுதான்: சுற்றுலாக்காரர்களுக்கு எதைக் காட்டினாலும் போதும். இன்றைய ஒன்பது ஜெர்மன்காரர்களும் அதே ரகம். பாறையைப் பார்க்க வந்து, அதற்கே முதுகைக் காட்டிப் படம் எடுத்துக்கொள்ளும் ஜென்மங்கள். தொப்பிக்காரர் ஹோல்கருக்குப் பாறையின் உயரம் போதவில்லையாம். இதுகள் வேடிக்கை பார்க்கவா கடலுக்கு நல்ல பீரை ஊற்றுவது? மனைவி ஊர்வே வீட்டில் காய்ச்சிக் கொடுத்தனுப்பும் பீரைத் தானே குடித்துவிட்டு, ஆறின டீயை ஊற்றி, கடலுக்குப் பீர் படைக்கும் தீவின் பழைய சடங்கை ஒப்பேற்றிவிடுவான். நிறம் ஒன்றுதானே.

நேற்றுதான் ஊர்வேக்குத் தெரிந்தது. அவள் கத்தவில்லை.

"பீர் குடுக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி வருஷத்துக்கு ஒரு ஆளைக் குடுத்தாங்க. தெரியும்ல?"

"தெரியும், தெரியும். உன் கடலுக்கு நாக்கு வேற இருக்காக்கும்" என்று சிரித்தான்.

இப்போது பகல் மூன்று மணிக்கே மூடுபனி ஏறி, பாசியும் அழுகிய மீனும் கலந்த வாடை ஜூனிப்பர் புதர்களுக்குள் ஊர்ந்து, அவன் சட்டைக் காலருக்குள் ஈரமாக இறங்கியது. முதுகுக்குப் பின்னால் ஓயாமல் கேட்ட காமிராச் சத்தமும் நின்றிருந்தது. பஸ்ஸுக்குப் போகலாம் என்று எரிச்சலோடு சொல்லித் திரும்பினான்.

ஒன்பது பேரும் கைகோத்து வழியை மறித்து நின்றார்கள். யாரும் கண் சிமிட்டவில்லை.

"டீ" என்றார் ஹோல்கர்.

காலையிலிருந்து இந்த ஊர் மொழியில் நன்றிகூடச் சொல்லத் தெரியாத மனிதர். இப்போது தீவுக்காரர்களின் இழுவை அச்சு அசலாக வந்தது.

"இந்தச் சீசன் முழுக்க டீதான். இல்லடா ஹெல்டுர்?"

அவர் வாயோரம் தண்ணீர் வழிந்தது. மற்றவர்கள் வாயிலும்.

நாளைக்கு நிஜப் பீர் கொண்டுவருகிறேன் என்றான் ஹெல்டுர். ஒரு பீப்பாய். இரண்டு.

ஒன்பது பேரும் ஓரடி முன்னால் வைத்தார்கள்.

அவன் ஓரடி பின்னால் வைத்தான். குதிகால் நனைந்தது.

குனிந்து பார்த்தான். கடல் பாறையின் விளிம்புவரை ஏறி வந்து, ஒரு அலைகூட இல்லாமல், அவன் காலடியில் காத்துக்கொண்டிருந்தது.