சரியான நேரம் காட்டிய கணினி

கலியாண வீடுகளில் கீபோட் வாசிக்கும் யோன் கடைக்குள் புகுந்த வேகத்தில் வாசலில் அடுக்கியிருந்த முருங்கைக்காய்க் கட்டு சரிந்து விழுந்தது. முகம் பேயறைந்தவன் முகமாக இருந்தது. கடைக்காரர் இராஜதுரைக்கு, வெளியே காட்டிக்கொள்ளாவிட்டாலும், உள்ளூரச் சந்தோசம். அரிசி மூட்டையும் கத்தரிக்காயுமாகவே பொழுது போய்க்கொண்டிருந்தது; துப்பறிய ஒன்றும் வந்து சேரவில்லை.

துப்பறிபவர் அவர் அல்லர் என்பது வேறு விசயம். அது கடையின் பின்பக்கம் கோப்பிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்த ழான்-லூக். புதுச்சேரிக்காரர். காப்புறுதி நிறுவனமொன்றில் தீ விபத்துகளையும் திருட்டுகளையும் விசாரித்து ஓய்வு பெற்றவர். சனிக்கிழமைகளில் கறிவேப்பிலை வாங்கத் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலுக்கு வந்தால் பின்னேரம்வரை இராஜதுரையோடுதான் இருப்பார். அவர் வாய் திறப்பதற்குள் ஊரில் பாதிப் பேரைக் குற்றவாளியாக்கிவிடுவது இராஜதுரையின் பழக்கம்.

“அங்கிள், என்ரை கொம்பியூட்டரை ஆரோ கெடுத்துப்போட்டாங்கள்,” என்றான் யோன். “பின்னேரம் கலியாண வீடு. றூபன்தான் செய்தவன். அவனைக் குழுவிலையிருந்து கலைக்கப்போறன்.”

யோனும் கிற்றார் வாசிக்கும் றூபனும் கார்ஜ் புறநகரில் ஒரே கட்டடத்தில் வளர்ந்தவர்கள். ஒருவன் இல்லாமல் மற்றவனை இராஜதுரை கண்டதே இல்லை. அந்தச் சிநேகிதம் இன்று பின்னேரத்துக்குள் முறிந்துவிடும்போல இருந்தது.

ழான்-லூக் கேட்டது ஒரே கேள்வி. அந்தக் கணினியை மேடைக்கென்று எப்படித் தயார் செய்திருந்தாய்?

யோன் ஆத்திரத்தை விழுங்கிக்கொண்டு விளக்கினான். கீபோட்டில் விசையை அழுத்திய கணமே கணினியிலிருந்து ஒலி வர வேண்டும். கணினி இடையில் வேறு வேலை பார்த்தால் ஒலி கிழியும். அதனால் இசைக்குத் தேவையில்லாத மென்பொருள்களையெல்லாம் அழித்துவிட்டான். மின்சாரத்தை மிச்சம்பிடிக்கும் ஏற்பாட்டை நிறுத்தி, எந்நேரமும் முழு வேகத்தில் ஓட வைத்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, மாதக்கணக்காக அதை இணையத்தின் பக்கமே விடவில்லை. இவ்வளவையும் கூட இருந்து செய்தவன் றூபன். போன கிழமை சண்டை பிடித்தவனும் அவன்தான்.

“பழசு, தூக்கி எறி, என்ரை புதுசைக் கொண்டாறன் எண்டவன். உள்ளுக்கை பற்றரி செத்து மணிக்கூடு இருபது நிமிசம் பிந்தி ஓடுது, இதை வைச்சே தாளம் பிடிக்கப்போறாய் எண்டு நக்கலடிச்சவன்.”

காலையில் மண்டபத்தில் எல்லாவற்றையும் பொருத்திச் சரிபார்த்தபோது ஒலி கண்ணாடியாக இருந்தது. மதியம் ஒத்திகை தொடங்கியதும் கரகரத்து, நின்று, மறுபடி கரகரத்தது. இடையில் கணினி இருந்த அறைக்குள் போய் வந்தவர்கள் மூன்று பேர்: றூபன், மேளக்காரன் யூலியன், பாடகி சிவாஜினி.

மண்டபம் இரண்டு தெரு தள்ளி; மூவரும் நடந்தே போனார்கள். வாத்தியக்காரரின் அறை அதன் கீழ்த்தளத்தில். கடையில் நிற்கும் பையனுக்கு ஏதோ சொல்ல இராஜதுரை போனை எடுத்தார். சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை. அங்கே போன் எடுக்காது என்றான் யூலியன். அவன் இடைவேளையில் மேலே தெருவில் நின்று போனில் உதைபந்தாட்டம் பார்த்தானாம். இராஜதுரை அவனையும் உடனே சந்தேகப் பட்டியலில் சேர்த்துக்கொண்டார்.

றூபன் கிற்றார்ப் பெட்டியைத் தோளில் மாட்டியபடி கதவருகே நின்றான். போ என்று ஒருவர் சொன்னால் போய்விடுவான்; அதற்குப் பிறகு திரும்பி வரமாட்டான். 

ழான்-லூக் அவசரப்படவில்லை. மூலையில் சுவரில் இருந்த இணைய வயரைக் குனிந்து பார்த்தார். பாட்டுக் கேட்கும் காதுக் கருவியை எங்கே வைப்பாய் என்று யோனிடம் கேட்டார். எப்போதும் ஆணியில் என்றான் யோன். இப்போது அது கணினியில் செருகியிருந்தது. கணினியில் வேறு என்ன தெரிகிறது என்று இராஜதுரையைப் பார்க்கச் சொன்னார்.

இராஜதுரை திரையின் மூலையையும் தன் கைமணிக்கூட்டையும் மாறி மாறிப் பார்த்தார். “ஒண்டும் இல்லை அண்ணை. நேரமும் சரியாத்தான் காட்டுது.”

அப்போது மணப்பெண்ணின் தாய் தட்டோடு படியிறங்கி வந்தார். சந்தனம், குங்குமம், லட்டு. யோனும் யூலியனும் கிறிஸ்தவ வேதக்காரர். ஆனாலும் சிரித்துக்கொண்டே சந்தனம் எடுத்தார்கள். வெள்ளிதோறும் கோயிலுக்குப் போகும் சிவாஜினி மட்டும் வயிறு சரியில்லை என்று இரண்டடி விலகி நின்றாள். அவளுடைய தலைமயிர் ஈரமாக முதுகில் விழுந்திருந்தது.

இராஜதுரை ழான்-லூக்கின் காதில் கிசுகிசுத்தார். காலையில் பக்கத்துச் சலூனிலிருந்து கொண்டை போட்டு மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு போனவள், காசைக் கொட்டிப் போட்ட கொண்டையை அவிழ்த்துத் தலை முழுகியிருக்கிறாளே, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு என்ன விசர்? ழான்-லூக் அந்த ஈரத் தலைமயிரை ஒருமுறை பார்த்தார். கழிவறைப் பக்கம் போய் வந்தார். குப்பைக் கூடையில் வாடாத மல்லிகைச் சரம் கிடக்கிறது என்று மெதுவாகச் சொன்னார். பெண்ணின் தாய் மேலே போகும்வரை காத்திருந்து, எல்லாரையும் உட்காரச் சொன்னார்.

“றூபன் இல்ல,” என்றார்.

யோன் எழும்பினான். ழான்-லூக் கையமர்த்தினார்.

“உன் கணினி எப்பவும் இருபது நிமிஷம் பிந்தும்னு நீதான் சொன்ன. இப்ப மணி சரியா இருக்கு. செத்த பாட்டரி தானா பிழைக்காது. இன்னைக்கு அது இணையத்துக்குப் போய் நேரத்தைத் தெரிஞ்சுக்கிட்டு வந்திருக்கு.”

மிச்சத்தைப் பச்சைப்பிள்ளைக்கும் விளங்கும்படி சொன்னார். மாதக்கணக்காகக் காத்திருந்த புதுப்பிப்புகளெல்லாம் வயர் வழியே ஒரேயடியாக இறங்கின. அவை யோன் நிறுத்தி வைத்திருந்தவற்றையெல்லாம் மறுபடி எழுப்பிவிட்டன. ஒலி கிழிந்தது அதனால்தான்.

“இணைச்சா இப்படி ஆகும் எண்டு அவனுக்குத் தெரியும்தானே?” என்றான் யோன்.

“தெரியும். ஆனா கெடுக்க வந்தவனுக்குக் காதுக் கருவி எதுக்கு? யாரோ உட்கார்ந்து எதையோ பார்த்திருக்காங்க, கேட்டிருக்காங்க. யூலியன் மாதிரி தெருவுக்குப் போய்ப் போனில பார்த்திருக்கலாம். தெருவில நாலு பேர் கண்ணில படக்கூடாத ஒண்ணு அது.” அவர் யாரையும் பார்க்காமல் கைகளைக் கோத்துக்கொண்டார். “இதுக்கு மேல நான் சொல்ல வேண்டியதில்ல.”

“இல்லை, சொல்லுங்கோ,” என்றான் யோன்.

 சிவாஜினி எழுந்தாள்.

“நான்தான், யோன். அப்பா முந்தநாள் மோசம் போயிட்டார். காலமை ஊரிலை பிரேதம் எடுத்ததை நேரலையிலை காட்டினவை. லா ஷப்பல் தெருவிலை நிண்டு அழேலுமே? பெரிய திரையிலை முகத்தை ஒருக்காப் பாப்பம் எண்டு வயரைக் கொழுவினனான். உன்ரை கொம்பியூட்டர் பழுதாகும் எண்டு சத்தியமாத் தெரியாது.”

விசா அலுவல் முடியாததால் அவளால் பறக்க முடியவில்லை. சொன்னால் கலியாணத்துக்குப் பாட ஆளில்லை. செத்தவீட்டுத் துடக்கோடு, அந்தத் தீட்டோடு, மணமேடையில் ஏறவும் கூடாது. இரண்டுக்கும் நடுவில் கிடந்து வாயை மூடிக்கொண்டாள். திரையில் பிரேதம் வீட்டுப் படலையைத் தாண்டியதும் பூவைப் பிடுங்கி எறிந்துவிட்டு, முறைப்படி கழிவறைக் குழாயில் தலை முழுகினாள். இராஜதுரைக்குத் தலை குனிந்தது. கொண்டை, ஈரம், தட்டு, எல்லாவற்றையும் முதலில் கண்டவர் அவர்தான். ஒன்றும் விளங்காமல் பிள்ளைக்கு விசர் என்றும் சொல்லியிருந்தார்.

“நான் பாடேல்லை. பொம்பிளையின்ரை தாய்க்கு நானே போய்ச் சொல்லுறன்,” என்றாள் சிவாஜினி.

யோன் றூபனின் பக்கம் திரும்பினான். “நான்…” என்று தொடங்கினான்.

“பிறகு மன்னிப்புக் கேள்,” என்று றூபன் பெட்டியை இறக்கி வைத்தான். “கொம்பியூட்டர் சுத்தமா இருந்த நாளிலை எடுத்த பிரதி என்னட்டைக் கிடக்கு. பின்னேரத்துக்கு முன்னம் பழையபடி ஆக்கிப்போடலாம்.” பிறகு சிவாஜினியைப் பார்த்தான். “போன கிழமை ஒத்திகையிலை நீ பாடினது எல்லாம் தனியாப் பதிஞ்சு கிடக்கு. அண்டைக்கு உன்ரை அப்பா உயிரோடை இருந்தவர். அந்தக் குரலுக்குத் துடக்கு இல்லை.”

பெண்ணின் தாய் அதைக் கேட்டுக் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாராம். பிறகு சிவாஜினியின் தலையைத் தொட வந்து, கையை இழுத்துக்கொண்டு, சரி பிள்ளை என்றாராம்.

பின்னேரம் பியர்ஃபித், திரான்சி புறநகர்களிலிருந்து வந்த சனத்தால் மண்டபம் நிரம்பியது. சிவாஜினி வாசலை மிதிக்கவில்லை. எதிர்ப்பக்க நடைபாதையில் நின்றாள். துணைக்கு இராஜதுரையும் ழான்-லூக்கும். திறந்திருந்த கதவு வழியே றூபனின் கிற்றார் கேட்டது, யோனின் கீபோட் கேட்டது. ஒரு கிழிசலும் இல்லாமல் அவளுடைய குரல் கேட்டது.

“இதைப் பாடின அண்டைக்கு அப்பாவுக்குப் போனிலை போட்டுக் காட்டினனான்,” என்றாள். “சரணம் எடுக்கேக்கை கொஞ்சம் பிந்துறாய் எண்டவர். திருத்திப் பாடுறன் எண்டு சொன்னனான்.”

சரணம் வந்தது. குரல் கொஞ்சம் பிந்தித்தான் வந்தது. காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததையெல்லாம் அவள் அந்த நடைபாதையில் நின்று அழுது தீர்த்தாள். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இராஜதுரை அவர்களுக்கும் அவளுக்கும் நடுவே போய் நின்றுகொண்டார்.