நாலாவது சார்ஜரில் ஒரு பிணம்

போன் அலறியது.

இன்ஸ்பெக்டர் எடுத்தார்.

"சார், ஷாப்பிங் காம்ப்ளக்ஸ் பின்னாடி கார் சார்ஜ் போடற இடத்துலேர்ந்து பேசறேன். ஒருத்தர் நூறு பர்சென்ட் ஏறி முக்கால் மணி நேரமாச்சு, வண்டிய எடுக்க மாட்டேங்கறாரு."

"அதுக்கெல்லாமா போலீஸ்? கண்ணாடியத் தட்டிச் சொல்லுங்க."

"தட்டினேன் சார். செத்துட்டாரு போல."

குரலில் துக்கம் இல்லை. எரிச்சல்தான் இருந்தது!

இன்ஸ்பெக்டர் போய் இறங்கினார். பார்த்ததும் முகத்தைச் சுளித்தார்... பிணத்தைப் பார்த்து அல்ல. நாலு சார்ஜர்கள். முதலாவதன் திரை செத்துப் பல மாதம் இருக்கும். இரண்டாவதன் கேபிளை யாரோ அறுத்துக்கொண்டு போயிருந்தார்கள். மூன்றாவதை ஒரு பெட்ரோல் கார் அடைத்துக்கொண்டு நின்றது.

நாலாவதில் பிணம்.

ரிடையர்டு கணக்கு வாத்தியார். சீட்டைச் சாய்த்து, முகத்தைத் தொப்பியால் மூடி, தூங்குகிற மாதிரியே கிடந்தார். தொப்பியை எடுத்தால் மண்டை பிளந்திருந்தது. கனமான இரும்பு. பத்து, பத்தரைக்குள் நடந்திருக்கும் என்றார் டாக்டர். அப்போது வரிசையில் வண்டிகள்தான் நின்றன. ஆட்கள் காபி குடிக்கப் போயிருந்தார்கள்.

போன் செய்த ஆள் பக்கத்தில் வந்து, பிணத்தை எப்போது எடுப்பீர்கள் என்று கேட்டார். அனுதாபமாக்கும் என்று நினைத்தார் இன்ஸ்பெக்டர். தனக்கு ஆறு பர்சென்ட்தான் இருக்கிறது என்றார் அந்த ஆள்.

'த்தூ...' மனசுக்குள் துப்பிக்கொண்டார்.

அரை மணி நேரத்தில் குற்றவாளி தயார். வாத்தியாரின் மருமகன்! நேற்று இதே வரிசையில், பன்னிரண்டு பேர் எதிரில், "இந்த வண்டிய என் தலையில கட்டின உங்களக் கொன்னாத்தான் எனக்கு நிம்மதி" என்று மாமனாரைப் பார்த்துக் கத்தியிருக்கிறான்.

ஸ்டேஷனில் அவன் கையெடுத்துக் கும்பிட்டான். நிறைமாதமான மனைவி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். காலையில் அப்பா போய்விட்டார். இப்போது புருஷனும் போகப் போகிறான்.

"பத்துலேர்ந்து பதினோரு மணி வரைக்கும் ஏரிக்கரை சார்ஜர்ல நின்னேன் சார். ஆப்புல எப்பவும்போல பச்சை காட்டுச்சு. போனா, ஏறவே இல்ல. உதவி நம்பருக்குப் போட்டேன். காத்திருங்க, காத்திருங்கன்னே பாட்டுப் போட்டான். கடைசியில போன்தான் செத்துச்சு."

"பாத்தவங்க யாராவது?"

"ஒரு ஈ காக்கா இல்ல சார்."

இருந்தான் ஒருவன். சார்ஜர் கம்பெனியைக் கேட்டதும் அவர்கள் அனுப்பிவைத்த பராமரிப்பு மெக்கானிக். சலவை மடிப்புக் கலையாத சீருடை, கையில் டூல்ஸ் பெட்டி. ஏரிக்கரை சார்ஜரைப் பத்து மணிக்குத் திறந்து பதினொன்றுக்கு மூடினானாம். அங்கே எந்த வண்டியும் வரவில்லையாம். போனை நீட்டினான். 'ஏரிக்கரை, பழுது நீக்கப்பட்டது, 10.50.'

கதை முடிந்தது. மருமகனின் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவளுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் வெளியே வந்தார். இலாகா கொடுத்த எலெக்ட்ரிக் ஜீப்பில் ஏழு பர்சென்ட். காம்ப்ளக்ஸ் சார்ஜரைச் சுற்றி அவரே மஞ்சள் நாடா கட்டிவிட்டு வந்திருந்தார்.

"தம்பி, ஏரிக்கரை இப்ப வேலை செய்யுதுல்ல?"

"செ... செய்யுது சார்."

"அப்ப ஏறு. ஜீப்புக்கும் சார்ஜ் போட்டுட்டு, உன் வாக்குமூலத்தையும் அங்கயே எழுதிக்கலாம்."

மெக்கானிக்குக்கு ஏனோ வியர்த்தது. வேறு வேலை இருக்கிறது, வேறு நல்ல சார்ஜர் காட்டுகிறேன் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தான். அவ்வளவு தூரம் ஜீப் போகாது என்றார் இன்ஸ்பெக்டர்.

எட்டு கிலோமீட்டர். போய்ச் சேரும்போது இரண்டு பர்சென்ட். இன்ஸ்பெக்டர் கேபிளைச் செருகினார்.

ஒன்றும் இல்லை. பிடுங்கித் திரும்பச் செருகினார். சிவப்பு விளக்கு முறைத்தது.

"காலையில ஓடுச்சு சார். உள்ள ஏதாவது..."

"உள்ள பாரு. சாவி இருக்குல்ல?"

மெக்கானிக் சாவிக்கொத்தை எடுத்தான். எடுத்தவன் அப்படியே நின்றான்.

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். சார்ஜரின் கதவில் சாவித் துவாரம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கை அகலத்துக்கு மண். குளவிக்கூடு! காய்ந்து, கல்லாக இறுகி, ஒரு கீறல்கூட இல்லாமல்...

இன்ஸ்பெக்டர் நிதானமாக வாட்சைப் பார்த்தார்.

"பதினோரு மணிக்கு மூடினேன்னு சொன்ன. இப்ப மணி ஒண்ணு. ரெண்டு மணி நேரத்துல குளவி வீடு கட்டி, காயவும் வெச்சு, குடியும் வந்துருச்சா?"

மெக்கானிக் டூல்ஸ் பெட்டியை முதுகுக்குப் பின்னால் நகர்த்தினான்.

இன்ஸ்பெக்டர் அவன் பெட்டியைப் பிடுங்கித் திறந்தார். துடைத்தும் ரத்தக்கறை போகாத பெரிய ஸ்பேனர். அதன் அடியில் ஒரு நாற்பது பக்க நோட்டு, அட்டையில் வாத்தியாரின் பேர், உள்ளே குண்டு கையெழுத்து. எந்த சார்ஜர் எந்தத் தேதியில் செத்துக் கிடந்தது, அதே தேதியில் 'பழுது நீக்கப்பட்டது' என்று ஆப் எப்படிப் பொய் சொன்னது... பக்கம் பக்கமாக!

"வீட்டுல இருந்துக்கிட்டே எல்லாத்தையும் சரி பண்ணிட்டதா ஆப்புல அழுத்திருவேன் சார். யாரும் கேட்டதில்ல. இவர்தான் இந்த நோட்ட நாளைக்கு மேலதிகாரிங்ககிட்ட குடுக்கப் போறேன்னாரு. குடும்பம் இருக்குன்னு கெஞ்சினேன், கேக்கல. அடிச்சிட்டு, வழக்கம்போல இதையும் அழுத்திட்டேன்."

வழக்கம்போல! ஒரு கொலையையும் ஒரு புகாரை மூடுவதுபோல மூடியிருக்கிறான்.

ஸ்டேஷனுக்குப் பேசினார். மருமகனை உடனே விடச் சொன்னார். வேலை செய்யாத ஒரு சார்ஜர்தான் அவனுடைய ஒரே சாட்சி. நல்லவேளை, அதை யாரும் ரிப்பேர் பண்ணவில்லை.

விலங்கு மாட்டியதும் மெக்கானிக் தலைகுனிந்து ஜீப்பில் ஏறப் போனான். டாஷ்போர்டு ஒருமுறை மினுங்கி, அணைந்தது.

"எங்க ஏறற? பின்னாடி போ," என்றார் இன்ஸ்பெக்டர். "இத்தனை நாளா ஊர்ல இருக்கற வண்டியெல்லாம் நிறுத்தின. இன்னைக்கு ஒண்ணையாவது நகர்த்து!"