பாலப்பத்தைத் தேடி

“இன்னும் ரெண்டு மணித்தியாலந்தான் வெளிச்சம்! கெதியா ஏறுங்கோ!”

நிரோமி கட்டுக்கயிற்றை அவிழ்த்துவிட்டுப் படகுக்குள் தாவினாள். நோர்வேயின் வடகோடியில் ஜனவரி தொடக்கத்தில் சூரியன் தலையே காட்டாது. நண்பகலை ஒட்டி ஒரு நீல வெளிச்சம் மட்டும் வந்து போகும். அதற்குள் ஒரு திமிங்கலத்தைக் கண்டுபிடித்தாக வேண்டும். ஏதோ ஒன்றையல்ல, பாலப்பத்தை!

பெயர் வைத்தவன் அவளுடைய சித்தப்பா மகன் டிலக்சன். வாலின் அடிப்பக்கத்தில் பாலப்பம் போல வட்டமான வெள்ளைத் திட்டு. அந்தச் சாப்பாட்டு ராமனுக்கு வேறென்ன நினைவுக்கு வரும்? திமிங்கலத்துக்குத் திமிங்கலம் வாலடி வேறுபடும். அதை வைத்துத்தான் இன்னது என்று சொல்வார்கள்.

போன குளிர்காலத்தில் நிரோமியின் அப்பா அமலதாஸ் தொய்வாக விட்ட வலைக்கயிறு பாலப்பத்தின் வால் தொடங்கும் இடத்தில் சுற்றி இறுகிவிட்டது. அவரே தொலைபேசியில் திமிங்கல நிலையத்து ஆட்களை அழைத்தார். கயிற்றை வெட்டிவிட்டார்கள். இரத்தம் வடிய உள்ளே போன திமிங்கலத்தை அதன்பின் ஒருவரும் காணவில்லை. யாழ்ப்பாணத்துப் பாசையூரில் பிறந்த நாள் முதல் கடலோடு கிடந்த மனிதருக்கு அன்றிலிருந்து கடல் கசந்துபோயிற்று.

இன்னும் ஓரிரு நாளில் திமிங்கலங்கள் தெற்கே கிளம்பிவிடும். “இண்டைக்கும் காணாட்டி அது செத்திட்டுது. பிறகு நான் கடலுக்கு இறங்கமாட்டன்,” என்று சொல்லிவிட்டுத்தான் அமலதாஸ் சுக்கானைப் பிடித்திருந்தார்.

படகு சீறிக்கொண்டு போயிற்று. டொல்பின்கள் ஏழெட்டு ஓடிவந்து முன்னால் துள்ளின. டிலக்சன் வாயைப் பிளந்தபடி படமெடுத்தான்.

“டேய், கமராவை வால் வரேக்க பிடி! இப்பவே பற்றரியை முடிச்சுப்போடாதை!” என்றாள் நிரோமி.

தூரத்தில் புஸ்ஸென்று ஒரு மூச்சு! நீராவி எழுந்தது. வால் உயர்ந்தது. முழுக் கறுப்பு. அடுத்தது சாம்பல் வரி. அதற்கடுத்தது ஓரம் கிழிந்த வால். எதுவும் பாலப்பம் இல்லை. வெளிச்சம் மங்கத் தொடங்கிவிட்டது.

“கயிறை அண்டைக்கு ஒழுங்காச் சுத்தி வைச்சிருக்கவேணும்,” என்றார் அமலதாஸ். “தும்பை விட்டுட்டு இப்ப வாலைப் பிடிக்கிறன்.” நிரோமி முகத்தைத் திருப்பிக் கடலைத் துழாவினாள்.

“அங்கை பாருங்கோ, பறவையள்!”

நூறு கடற்பறவைகள் ஒரே இடத்தில் சுழன்றன. கீழே ஹெரிங் மீன்கூட்டம்! அமலதாஸின் கை தானாகப் போய் எஞ்சினை நிறுத்தியது. மீன் கலையாமலிருக்க ஊரில் அப்படித்தான் செய்வார்கள்.

“ஐயோ அப்பா! நிப்பாட்டாதேங்கோ! சத்தம் இல்லாட்டி நாங்கள் இருக்கிறது திமிங்கலத்துக்குத் தெரியாது!”

சொல்லி முடிப்பதற்குள் படகைச் சுற்றித் தண்ணீர் கொதித்தது. ஹெரிங் மீன்கள் துள்ளிப் படகுக்குள்ளேயே விழுந்தன. அவற்றைத் துரத்திக்கொண்டு ஒன்று கீழிருந்து வருகிறது, வாயைத் திறந்தபடி! அமலதாஸ் சாவியைத் திருகினார். எஞ்சின் இருமியது. பிடிக்கவில்லை.

ஒரு கணம் திகைத்தவர் துடுப்பைப் பறித்தெடுத்தார். “தட்டு பிள்ளை! மீனை வலைக்குத் துரத்திற மாதிரி, போட்டிலை தட்டு!”

டமார்! டமார்! அலுமினியப் படகு அதிர்ந்தது. அவர் துடுப்பால் அடித்தார். நிரோமி சுடுநீர்க் குடுவையால் அடித்தாள். டிலக்சன் காலால் உதைத்தான்.

பத்தடி தள்ளித் தண்ணீர் வெடித்தது! வீட்டளவு வாய் ஒன்று மேலெழுந்து மூடியது. அலை அடித்து மூவரும் தொப்பலாக நனைந்தார்கள். மீன் நாற்றமடிக்கும் பெருமூச்சு முகத்தில் அறைந்தது. பிறகு அந்தக் கரிய முதுகு வளைந்து, மெல்ல, மிக மெல்ல வால் உயர்ந்தது.

நடுவில் வட்டமான வெள்ளை. வால் தொடங்கும் இடத்தைச் சுற்றிக் கயிறு அறுத்த தழும்பு, நன்றாக ஆறியிருந்தது.

“பாலப்பம்!” டிலக்சன் கத்திக்கொண்டே படம் எடுத்தான்.

அமலதாஸ் துடுப்பைக் கீழே போட்டார். “உயிரோடை இருக்கிறியா ராசாத்தி!” என்றவர் பிள்ளைகளுக்கு முன்னால் வெட்கப்படாமல் அழுதார்.

நான்காவது திருகலில் எஞ்சின் பிடித்தது. கரை சேர்ந்ததும் திமிங்கல நிலையத்தின் இங்கர் படத்தை இரண்டு முறை பெரிதாக்கிப் பார்த்தாள். சிரித்துக்கொண்டே தடித்த பதிவேட்டைத் திறந்தாள். பாலப்பத்தின் பக்கத்தில் கடைசி வரி போன வருடத்தது: ‘காயம். வலைக்குச் சொந்தக்காரர்: அமலதாஸ்.’ அதற்குக் கீழே இங்கர் எழுதினாள்: ‘நலமாக உள்ளது. கண்டவர்: அமலதாஸ்.’

அமலதாஸ் இரண்டு வரிகளையும் விரல் வைத்துப் படித்தார்.

“மேலை உள்ளதை வெட்டச் சொல்லட்டோ, அப்பா?” என்றாள் நிரோமி.

“வேண்டாம் பிள்ளை, இருக்கட்டும். அதைப் பாத்தால்தான் கயிறு தொய்யாமல் கட்டுவன்.” ஈரத் தொப்பியை உதறித் தலையில் போட்டுக்கொண்டார். “வாங்கோ, எஞ்சினைக் கழட்டிப் பாப்பம். நாளைக்குக் கடலுக்குப் போகவேணும்.”